எந்த ஊர் என்று கேட்காத அறை

என் கணவர் வாரத்தில் இரண்டு மாலைகள் பேருந்து ஏறிக் கோவைக்குப் போகிறார். அங்கே ஒரு பள்ளி வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் தம் வாழ்க்கையைச் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறார். வந்ததும் கைகால் கழுவிச் சோற்றுக்கு உட்காருபவர், ரசம் இருக்கிறதா என்று கேட்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் குடியை நிறுத்தியதில் எனக்குக் குறை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இரவில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே அடிவயிறு கலங்கிய காலம் ஒன்று இருந்தது. அது போனதன் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி வெகுகாலம் என்னை விடவில்லை. கட்டிய மனைவியிடமும் பெற்ற தாயிடமும் கூடப்பிறந்தவரிடமும் சொல்லாத ஒன்றை, ஊர் பேர் தெரியாத நாற்பது பேரிடம் ஒரு மனிதரால் எப்படிச் சொல்ல முடிகிறது? குடியின் கேட்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

எங்கள் வீடு பல்லடம் வட்டாரத்தில், சாமளாபுரத்துக்கும் சோமனூருக்கும் அக்கம்பக்கமான ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஊரின் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கூலிக்கு நெய்யும் குடும்பம். ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் வாங்கி வந்து, துணியாக்கிக் கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறோம். தறிக்குடோன் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கிறது. பகல் ஷிப்டுக்கு ஆள் உண்டு, இரவு ஷிப்டை அவரே பார்ப்பார். வெளியூரிலிருந்து ஒறம்பறை, அதாவது சொந்தக்காரர்கள், வந்து தங்கினால் முதல் நாள் இரவு அவர்களுக்கு உறக்கமே வராது. எங்களுக்கோ தறி நின்றால்தான் விழிப்பு வரும். மின்வெட்டுக் கடுமையாக இருந்த ஆண்டுகளில், நடுச்சாமத்தில் கரண்ட் போனதும் தெருவே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் பக்கம் ஒரு புதிய ஆளைப் பார்த்தால் யாரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "எந்தூருங்?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "யாரூட்டுப் பையனுங்?" மூன்றாவதாக என்ன கூட்டம், அதாவது எந்தக் குலப்பிரிவு, என்று கேட்டுவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். குலதெய்வம் எது, யார் பங்காளி, யார் மாமன் மச்சான், இந்த வீட்டில் பெண் கொடுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் காபி ஆறுவதற்குள் முடிவாகிவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் எழவுக்கும், தறிக்கு முன்பணம் புரட்டுவதற்கும், மருத்துவமனையில் இரவு துணைக்கு இருப்பதற்கும் ஆள் வருவது இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களால்தான். அதே கேள்விகளால்தான், ஒருவர் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் விழுந்து கிடந்தால் அந்தச் செய்தி அவர் எழுந்திருப்பதற்கு முன்பே மூன்று ஊர் தாண்டி அவருடைய மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

அப்படிச் செய்தி போய்ச் சேர்ந்ததும் உறவு சும்மா இருக்காது. என் கணவருக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. குலதெய்வக் கோவிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள். ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டிவிட்டார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டால் அந்த ஒரு மண்டலமும் அவர் குடியைத் தொடமாட்டார் என்பதால் ஆண்டுதோறும் மாலை போடவைத்தார்கள். மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே அவர் எங்கே இருப்பார் என்று குடும்பத்துக்கே தெரியும். "நாப்பத்தெட்டு நாள் இருக்கறவனால மத்த நாள் இருக்க முடியாதா? மனசு வெச்சா முடியும்" என்று ஒவ்வொரு முறையும் ஒரு பெரியவர் சொல்வார். இப்படிப் புத்தி சொன்னவர்களில் சிலர், கெடா விருந்தன்று கோவில் தோப்புக்குப் பின்னால் அவருக்கே ஊற்றிக் கொடுத்தவர்கள். என் அத்தை, அவருடைய அம்மா, யாரோ கொடுத்த பொடியொன்றைக் குழம்பில் கலந்து, அவர் இரவு முழுவதும் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்ததும் உண்டு. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைப் பின்னாளில் ஒரு மருத்துவர் விளக்கினார். குடியை நிறுத்தக் கொடுக்கப்படும் டைசல்ஃபிரம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது, அது தெரியாமல் ஒருவர் குடித்துவிட்டால் நெஞ்சு படபடத்து இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது.

குடை பிடித்த வரிசை

2020 மார்ச் 24 அன்று ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். பெண்கள் பலர் அன்று சாமிக்கு விளக்கு வைத்திருப்பார்கள், நானும் வைத்தேன். அவர் பதுக்கி வைத்திருந்ததெல்லாம் தீர்ந்த மறுநாள் கை நடுங்கத் தொடங்கியது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது, தூக்கம் இல்லை. அதற்கும் அடுத்த நாள் இரவு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராக வைத்து எதையோ செய்துகொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. அறுந்த பாவு நூலை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே நூல் இல்லை. ஒரு முடிச்சு போட்டு, நுனியைப் பல்லால் கடித்துத் துப்பி, அடுத்த நூலைத் தேடினார். நான் கூப்பிட்டதற்கு, "பாவு பூராம் அறுந்து போச்சு, பாத்துட்டு நிக்கறயே" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

காவல் சோதனைகளைத் தாண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நாள்படக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இப்படிச் சித்தம் கலங்கலாம், கவனிக்காவிட்டால் இறந்தும் போகலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதுவரை நாங்கள் எல்லோரும் அவரிடம் "இன்னையோட விட்டுரு" என்றுதான் மன்றாடிக்கொண்டிருந்தோம். வைட்டமின் ஊசியும், நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரையுமாக அவரை மீட்டெடுத்தார்கள். விடுவிக்கும்போது அந்த மருத்துவர், "நாங்கள் உடம்பிலிருந்துதான் எடுத்திருக்கிறோம். ஊரடங்கு முடிந்ததும் ஏதாவது ஒரு குழுவில் சேர்த்துவிடுங்கள்" என்றார். குழு என்றால் என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மே 7 அன்று கடைகளைத் திறந்தார்கள். நெருக்கியடிக்காமல் நிற்பதற்காக, குடையோடு வருபவர்களுக்கே மது என்று எங்கள் மாவட்டத்தில் அறிவித்திருந்தார்கள். அவர் மகளுடைய பள்ளிக்கூடக் குடையை, மஞ்சளில் வெள்ளைப் பூப்போட்ட குடையை, எடுத்துக்கொண்டு போனார்.

கடையை மூடினால் போதும் என்று நினைத்ததில் வியப்பில்லை, ஏனென்றால் எங்கள் மண்ணில் அந்த நினைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்ததும், பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலில் நின்றதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். 2017இல் எங்களுக்குப் பக்கத்துச் சாமளாபுரத்திலேயே பெண்கள் கடைக்கு எதிராகச் சாலையில் உட்கார்ந்து அடிவாங்கினார்கள். அவர்கள் பக்கம்தான் நான் இன்றும் நிற்கிறேன். ஆனால் ஊரில் கடை இல்லாமல் போவதும், ஒரு தனிமனிதர் குடியிலிருந்து வெளியே வருவதும் வேறு வேறு என்பதை, இல்லாத நூலுக்கு முடிச்சுப் போட்ட அந்தக் கைகளைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை.

உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு வரி

அந்தக் குழுவை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அவரே கண்டுபிடித்தார். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்றொரு பத்தி வரும். கும்பாபிஷேகம், பட்டிமன்றம், யோகா வகுப்பு, ஜவுளிக் கண்காட்சி இவற்றுக்கெல்லாம் கீழே, கடைசியில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது 'பெயர் சொல்லாத குடிநோயாளிகள்', கூட்டம் என்று இடமும் நேரமும் போட்டிருப்பார்கள். தினமும் நாளிதழில் நூல் விலையைப் பார்ப்பவர் அவர். அந்த வரியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாரோ, தெரியாது. திருப்பூர் எங்களுக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் திருப்பூரில் தெருவுக்குத் தெரு எங்கள் சனம். அதனால் அங்கே குழு உண்டா என்றுகூட அவர் விசாரிக்கவில்லை. நூல் விஷயமாகப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோவைக்குப் போனார். நான் வழக்கம்போல அதை நம்பவில்லை. திரும்பி வந்தவரின் மூச்சில் டீ வாசம் மட்டும் இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அதன் பிறகுதான், துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு துண்டுத்தாள் கிடைத்தது: குடியிலிருந்து மீள அந்தக் குழு வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளின் பட்டியல்.

அதைப் பிடித்துக்கொண்டு, சந்தேகத்தோடுதான், நான் படிக்க ஆரம்பித்தேன். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பங்குச் சந்தைத் தரகர் ஒருவரும் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சந்தித்ததில் தொடங்கியது இது. இரண்டு பேரும் மீள முடியாத குடிகாரர்கள். குடிகாரர் ஒருவர் இன்னொரு குடிகாரரிடம் உண்மையைப் பேசிக்கொண்டிருக்கும் வரை இருவரும் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை, படிவம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. உறுப்பினர்கள் பையில் போடுகிற காசில்தான் டீச்செலவு நடக்கிறது. முழுப்பெயர் கேட்பதில்லை. இதெல்லாம் வெறும் நம்பிக்கைதானோ என்று நினைத்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு, 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் கணக்கில் எடுத்து, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு இந்தப் பன்னிரண்டு படி வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு ஈடாகவும் சிலவற்றில் மேலாகவும் உதவுகிறது என்று கண்டிருக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருந்தது: குடிக்கு அடிமையானவர்கள் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மீதி முப்பத்தேழு பேரும் எங்கே போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கயிறு கட்டிக்கொள்ளப் போயிருப்பார்கள்.

அத்தைக்குக் கவலை வேறாக இருந்தது. கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடம் ஒரு தேவாலய வளாகத்துக்குள் இருக்கிறது. "சர்ச்சுக்குள்ள இவனுக்கு என்ன சோலி? பேரை மாத்திப்புடுவாங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். படிகளில் கடவுள் வருகிறார்தான். ஆனால் எந்தக் கடவுள் என்பதை அவரவர் புரிதலுக்கே விட்டுவிடுகிறார்கள். என் கணவர் எங்கள் கோவில் எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பராயனை நினைத்துக்கொண்டார். அதில் ஒரு சங்கடம். கருப்பராயனுக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துத்தான் படையல் போடுவோம். அங்கே மூத்த உறுப்பினர் ஒருவரிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். "சாமி குடிச்சாக் குடிச்சுட்டுப் போவுது, நீங்க குடிக்காதீங்" என்று பதில் வந்ததாம். கூட்டத்தைப் பற்றி அவராக வீட்டில் சொன்னது இது ஒன்றுதான். அதையும் அம்மாவின் பயத்தைப் போக்கத்தான் சொன்னார்.

திறந்த கூட்டம்

வழக்கமான கூட்டங்களில் குடிநோயாளிகள் மட்டுமே இருப்பார்கள். குழுவின் ஆண்டு விழா, யாராவது ஒருவர் குடிக்காமல் ஓராண்டை முடித்த நாள் போன்றவற்றுக்கு மட்டும் குடும்பத்தாரும் மற்றவர்களும் வரலாம். அப்படியொரு திறந்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார். அந்த வகுப்பறையின் கரும்பலகையில் ஒன்பதாம் வாய்பாடு பாதி அழிந்திருந்தது. அதன்மேல் இரண்டு ஆணிகளில் பன்னிரண்டு படிகளும், குழுவை நடத்தும் முறையைச் சொல்லும் பன்னிரண்டு மரபுகளும் தொங்கின. ஜன்னலோரம் கேனில் டீ, ஒரு தட்டில் வர்க்கி. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளைப் பார்த்ததும் வாய் தானாகவே, "அக்கா எந்தூருங்?" என்றுவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "இங்க ஊரெல்லாம் கேக்கறதில்லீங் கண்ணு. பேரு சொன்னாப் போதும்" என்றார். கணவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, கூட்டமும் இல்லை என்றால் நான் யார் என்று ஒரு கணம் எனக்கே விளங்காமல் போனது.

ஒரு நிமிட அமைதி, பிரார்த்தனை, பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றதும் எல்லோரும் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறார்கள். ஒரு பேருந்து நடத்துநர் பேசினார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசினார், மில் ஒன்றில் பெரிய வேலையில் இருப்பவர் என்று உடையைக் கொண்டு ஊகிக்கத்தக்க ஒருவர் பேசினார். பிறகு என் கணவர் எழுந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. பேச ஆரம்பித்தபோது அவருடைய குரலே வேறாக இருந்தது. கல்யாணமான புதிதில் மருதமலைப் படியேறும்போது பேசிக்கொண்டு வந்த குரல் அது.

அவர் சொன்னதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். "எங்க வீட்ல தறிச் சத்தம் கேட்டாத்தான் தூங்குவாங்க. சத்தம் நின்னா என் சம்சாரம் எந்திரிச்சு வந்து குடோன்ல எட்டிப் பார்க்கும். அதனால ராத்திரி கடைக்குப் போகணும்னா தறியை நிறுத்த முடியாது. பக்கத்துத் தெருவுல ஒரு பையனைப் பிடிச்சு வெச்சிருந்தேன். பொடக்காலிப் பக்கமா வந்து தறியைப் பாத்துக்குவான், நான் போயிட்டு வருவேன். கூலியில அவனுக்கு ஒரு பங்கு கொடுத்தேன், வாயைத் திறக்காம இருக்கறதுக்குத் தனியாக் கொடுத்தேன். நான் வேலை செய்யறேன்னு நெனச்சு அது நிம்மதியாத் தூங்கும்." கொஞ்சம் நிறுத்தி, "கடைசியில பையன் கூலியை ஏத்திக் கேட்டான். நான் குடிக்கறதுக்கே அவனுக்குக் கூலி உயர்வு கொடுத்தேன்" என்றார்.

அறை முழுவதும் சிரித்தது. நடத்துநர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்குக் காது சூடேறியது. எத்தனையோ இரவுகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இன்று குடிக்கவில்லை, தறியோட்டுகிறார், கடன் கொஞ்சம் அடையும் என்று கணக்குப் போட்டபடி கண்ணை மூடியிருக்கிறேன். பிள்ளைகளிடம், "அப்பா வேலை செய்யறாரு, சத்தம் போடாமப் படுங்க" என்று அடக்கியிருக்கிறேன். அந்த நிம்மதி முழுவதும் பக்கத்துத் தெருப் பையனுக்குக் கூலி கொடுத்து வாங்கியது என்பதை, ஒரு பேருந்து நடத்துநர் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "எங்க வூட்டுக்காரரு பாத்ரூம் தொட்டிக்குள்ள பாட்டிலை நூல் கட்டி விட்டிருந்தாருங். அதை இங்க சொன்னப்பவும் இப்படித்தான் சிரிச்சாங்க. நான் ஒரு மாசம் அவருகிட்டப் பேசலீங்" என்றார்.

அடுத்து எழுந்தவர் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, தம் கதையைச் சொன்னார். காலை நடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒளித்து வைத்ததைக் குடிக்கப் போவாராம். நடந்து வந்ததாகத் தெரிய வேண்டும் என்று செருப்பில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவாராம். மறுபடியும் சிரிப்பு. அப்போது நான் சிரிப்பவர்களின் முகங்களைப் பார்த்தேன். யாரும் என் கணவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் தாம் செய்து வைத்த ஏதோ ஒன்றைக் கண்டுகொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன், வந்ததிலிருந்து தலையைத் தூக்காமல் இருந்தவன், அந்தச் செருப்புக் கதைக்குத் தலையைத் தூக்கினான்.

திரும்பி வரும் பேருந்தில் சூலூர் தாண்டும் வரை நான் பேசவில்லை. பிறகு கேட்டேன்: "எங்கிட்ட ஏனுங்க சொல்லல?" அவர் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கிட்டச் சொன்னா நீ அழுவே. உன்னைத் தேத்தறதுதான் வேலையா இருக்கும். சொல்ல வந்தது போயிரும்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு இதை நான் பலவிதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். எங்கள் உறவில் அவர்மீது உரிமை இல்லாதவர் யார்? அடகு வைத்து மீட்காத நகையைப் பற்றி அவர் சொன்னால், அம்மாவின் காதில் அது குடும்ப மானமாக விழும். அண்ணன் காதில் பூர்வீகத் தோட்டத்தின் பங்காக விழும். என் காதில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாக விழும். கேட்கிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு நட்டம் இருக்கிறது, அந்த நட்டத்துக்கு அவர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். அந்த வகுப்பறையில் இருப்பவர்களுக்கு அவரால் ஒரு ரூபாய் நட்டமில்லை. அதனால்தான் அவர்களால் முழுவதையும் கேட்க முடிகிறது. எங்கள் அன்பு குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பங்கு அதிகம். இதை ஒப்புக்கொண்டாலும், ஒரு வழக்கு எனக்கு மிச்சமிருந்தது. நட்டப்படாதவர்களிடம் உண்மை சொல்வது சுலபம். நட்டப்பட்டவளிடம் எப்போது சொல்வது?

இதற்கு இடையில் காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்தில் என் மாமா, "மாப்ள, இவர் நம்ம அம்மிச்சி வழியில சொந்தமுங்க" என்று ஒருவரைக் கூட்டி வந்து என் கணவருக்கு அறிமுகம் செய்தார். திறந்த கூட்டத்தில் செருப்பில் மண் தேய்த்த கதையைச் சொன்னவர் அவர். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவரோ சிறிதும் முகம் மாறாமல் கைகூப்பி, "எந்தூருங்?" என்றார். என் கணவர் ஊரைச் சொன்னார். "யாரூட்டுங்?" அதையும் சொன்னார். இரண்டு பேரும் முதன்முறையாகச் சந்திக்கிறவர்களைப் போல மழை, மஞ்சள் விலை, நூல் விலை எல்லாம் விசாரித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்துக்குப் பின்னால் ஒரு காரின் டிக்கி திறந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். இவர்கள் இரண்டு பேரும் மணமேடைக்கு எதிரே, பெண்களும் குழந்தைகளும் நிற்கிற பீடா கடையருகே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்கள். பெயர் மறைப்பது என்பதை நான் ஒளிந்துகொள்வது என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில், தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ளும் நாகரிகம் அது என்பதை அந்த இரண்டு பேரும் நின்ற விதத்தில் பார்த்தேன்.

பெண்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. அந்தத் திறந்த கூட்டத்தில் தன்னைக் குடிநோயாளி என்று சொல்லிக்கொண்டு எழுந்த பெண் ஒருவர்கூட இல்லை. எங்கள் பக்கம் குடிக்கும் பெண்கள் இல்லாமல் இல்லை. இரவு ஏழு மணிக்கு அந்த அறைக்கு வந்து, ஒன்பது மணிக்குப் பேருந்து பிடித்து ஊர் திரும்பி, எங்கே போய் வருகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய பெண்தான் இல்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. ஏக்ரனில் இதைத் தொடங்கிய இருவரில் அந்தத் தரகரின் மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951இல் தொடங்கியது. நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், தறிக்கு விடுமுறை என்பதால், அதற்குப் போகிறேன். இந்தக் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்க முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். முதலாவதை உடனே நம்பிவிட்டேன். மற்ற இரண்டையும் நம்ப மனம் ஒப்பவில்லை. பாட்டிலைத் தேடியும் கணக்கைப் பிடித்தும் வளர்ந்த கை சும்மா இருக்க மறுக்கிறது. ஒறம்பறையில் யாராவது தனியாகக் கூப்பிட்டு, "உங்க வூட்ல எப்படீங் நிறுத்துனாங்க" என்று கேட்டால், அவர் கதையைச் சொல்வதில்லை. கை நடுங்கும் அளவுக்குப் போயிருந்தால் முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், குழு அதற்குப் பிறகு என்கிறேன். 14446 என்ற எண்ணில் போதை மீட்புக்கும், 14416இல் மனநல ஆலோசனைக்கும் கட்டணமில்லாமல் பேசலாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். நாளிதழில் அந்தப் பத்தியின் கடைசி வரியையும் பார்க்கச் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, தறி நின்றிருந்த நேரத்தில், அவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். எட்டாம் படியில் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுத வேண்டும். ஒன்பதாம் படியில் அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்ய வேண்டும், அப்படிச் செய்வதால் அவர்களுக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் இடம் தவிர. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அடகுக் கடையில் மூழ்கிப்போன சங்கிலி, மகளின் காதுகுத்துச் சீர்ப்பணம், நான் அறிந்த கடன், அறியாத கடன் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். இரவுத் தறியும் அதில் இருந்தது. நான் அழுதேன். அவர் தேற்றவில்லை, படித்து முடிக்கும் வரை நிறுத்தவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பையன் யார் என்று கேட்டேன். அவன் பெயர் இந்த நோட்டில் வராது என்றார்; அவனுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது, ஊரில் கௌரவமாக இருக்கிறான், என் கதையைத்தான் நான் சொல்லலாம் என்றார். பக்கத்துத் தெருவில் அந்த வயதில் கல்யாணமாகிக் குழந்தையோடு இருப்பவர்கள் நாலு பேர். நாலு பேருமே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாரம் ஒரு முறையாவது அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். இதுவரை சொல்லவில்லை.